பொழிக்கடியில் ஓடிய நீலக்கல்

ஒடைச்சுப் பாத்தாத்தானுங்க தம்பி தெரியும். சும்மா கையில வெச்சுத் திருப்பித் திருப்பிப் பாத்தா ஒண்ணும் தெரியாது. குடுங்க இங்க. பயப்படாதீங்க, உங்க கல்ல நான் தின்னுபோட மாட்டேன். ஓரத்துல ஒரு சில்லு தட்டியெடுத்தாப் போதும்.

ஆ, பாத்தீங்களா? சோடா பாட்டிலு ஒடைஞ்சாப்பல வளைஞ்சு வளைஞ்சு ஒடையுது. எங்கியும் தட்டையே இல்ல. இது வெங்கச்சாங்கல்லு. நீங்க படிகம்பீங்க. கண்ணாடியில இழுத்தா கண்ணாடிதான் கீறும், இது கீறாது. இந்தப் பட்டையில குறுக்கால கோடு கோடா இருக்குது பாருங்க, விரல வெச்சா தட்டுப்படும். படிகத்துக்குக் கோடு குறுக்கால ஓடும். அத ஞாபகம் வெச்சுக்குங்க.

இந்த வெள்ளை வேற. இத அடிச்சா படிக்கட்டாட்ட தட்டைதட்டையாப் பேந்து வரும். நாங்க சோத்துக்கல்லும்போம். இதுலயே நல்ல சாதி அமைஞ்சா உள்ளுக்குள்ள நெலா வெளிச்சமாட்ட ஒண்ணு மெதக்கும். அதுதான் சந்திரகாந்தக்கல்லு, காங்கயத்துக் கடையெல்லாம் மூன்ஸ்டோனுன்னு விக்கறாங்களே, அது. இது காக்காப்பொன்னு, நகத்துல உரிச்சா ஏடு ஏடா வரும். இந்தச் செவப்பு கார்னெட்டு. மாதுளை முத்தாட்ட பல மொகம் இருக்கும், ஒடைச்சா ஒரு ஒழுங்கும் இருக்காது. நெறத்த மட்டும் என்னிக்கும் நம்பாதீங்க தம்பி. ஒரே கல்லு ஒரு காட்டுல ஊதாவா இருக்கும், அடுத்த காட்டுல பொகையாட்ட இருக்கும்.

வெய்யில்ல நிக்காதீங்க, இப்படி உள்ள தள்ளி உக்காருங்க. தண்ணி குடிக்கறீங்களா? குடிங்க. இந்த ஊருல என்ற ஊட்டுத் தண்ணிய ஒருத்தரும் தொடறதில்ல. நீங்க வெளியூரு, உங்களுக்கென்ன.

யாரு சொல்லிக்குடுத்ததுன்னா கேக்கறீங்க? ஒருத்தரும் சொல்லிக்குடுக்கல. கேட்டுக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன். எங்கூட்டுக்காரரு நாச்சிமுத்துவும் கொழுந்தனாரு சென்னியப்பனும் பேசறத கேட்டுத்தான். அப்பனாத்தா போனப்ப கொழுந்தனாரு சின்னப் பையனாம். எங்கூட்டுக்காரருதான் தூக்கி வளத்தாரு. நான் கண்ணாலம் கட்டி வந்தப்ப அண்ணனுந் தம்பியும் ஒரே வட்டல்ல சோறு தின்னுட்டிருந்தாங்க. மழை பேஞ்சு மக்கா நாளு விடியறதுக்குள்ள ரெண்டு பேரும் காட்டுக்குப் போயிருவாங்க. மழை மண்ணக் கழுவி விட்டா கல்லு மினுங்கும். குனிஞ்ச தல நிமுராம பொறுக்கிட்டு வந்து வாசல்ல கொட்டுவாங்க. அண்ணா இதப் பாருங்கறது, தம்பி அதப் பாருடாங்கறது. நான் காப்பிய வெச்சுட்டு நிப்பேன். ஆறிப்போகும். ஒரு நாளாச்சும், வேலாத்தா நீயும் வந்து பாருன்னு அந்த மனுசன் கூப்பிட்டதில்ல. அதுக்காக நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல. எனக்கென்ன பொறாமை? சொல்றேன், அவ்வளவுதான்.

கொழுந்தனாருக்குப் பாவாத்தான்னு ஒருத்தியக் கட்டி வெச்சோம். அவ வந்தப்புறம் நாந்தான் சொன்னேன், பாகத்தப் பிரிச்சிருங்கன்னு. நல்லதுக்குத்தானுங்க சொன்னேன். ஒட்டுக்கா இருந்தா நாளைக்குச் சண்டை வரும், இல்லீங்களா? சண்டை வரக்கூடாதுன்னு பிரிச்சதுதான். எங்க வெள்ளாமக் காட்டுக்கு நடுவுல பொழி போட்டாங்க. பொழின்னா வரப்பு. இந்தப்பக்கம் எங்களுது, அந்தப்பக்கம் அவிங்களுது. பொழி போட்டன்னிக்கு அண்ணனுந் தம்பியும் எழவு ஊட்டுல நிக்கறாப்பல நின்னாங்க. எனக்குச் சிரிப்பா வந்துச்சு.

அந்த வருசம் ஐப்பசி மழை பேய் மழை. எங்க பக்கம் தண்ணி அறுத்துட்டுப் போன தாவுல வெள்ளையா ஒரு கல்லோட்டம் தெரிஞ்சுச்சு. எங்கூட்டுக்காரரு மம்முட்டிய எடுத்து நோண்டுனாரு. காக்காப்பொன்னு பொஸ்தகமாட்டக் கட்டுக்கட்டா வந்துச்சு. அப்புறம் பொகை நெறத்துல படிகம். அதுக்கும் கீழ களிமண்ணு. அந்தக் களிமண்ணுக்குள்ள கைய விட்டவரு அப்படியே நின்னுட்டாரு. வெளிய எடுத்தா கட்டை வெரல் தண்டி, நீலம். தண்ணியில வானம் தெரியறாப்பல நீலம். ஆறு பட்டை, மேல தட்டை.

"அக்வாமரினு"ன்னேன் நான். காங்கயத்துல தங்கத்தாட்ட வெலை போற கல்லு.

"கத்தி போட்டுப் பாக்கலாமா?"ன்னாரு.

"கீறி வடுவாக்கவா? ஆறு பட்டை இருக்குது, நீலமா இருக்குது, இன்னும் என்ன வேணும்?"

அவரு தலையாட்டுனாரு. அப்புறம் மெதுவா, "தம்பிகிட்ட ஒரு எட்டுக் காட்டிட்டு வந்தர்றேன்"னாரு. பாத்துக்குங்க! பாகம் பிரிச்சாச்சு, பொழி போட்டாச்சு, அப்பவும் தம்பிதான். நான் கையப் புடிச்சுக்கிட்டேன். இது நம்ம பக்கத்துக் கல்லு, காட்டுனா நாளைக்கு அவனும் மம்முட்டியத் தூக்கீட்டு வருவான்னேன். அந்த மனுசன் முந்தானையில முடிஞ்சு வைன்னு என்கிட்டக் குடுத்துட்டாரு. மொதத் தடவையா அவரு ஒரு கல்ல என்ற கையில குடுத்தாரு தம்பி. இத்தன வருசத்துல மொதத் தடவை.

ஊருல வாய் சும்மா இருக்குமா? கொழுந்தனாருக்குத் தெரிஞ்சுபோச்சு. அவன் வந்து ஒரு வார்த்தை கேக்கல. பொழிக்கு அக்கட்டால, அவன் பக்கத்துல, அதே ஓட்டத்துக்கு நேரா குழி போட்டான். போடட்டும், அவன் காடு. ஆனா ஒரு நாளு நான் எட்டிப் பாக்கறேன், அவன் கொட்டுன மண்ணுல புதுசா சோத்துக்கல்லு, வெள்ளை வெளேர்னு. எனக்குப் பக்குனு ஆயிப்போச்சு. எங்கூட்டுக்காரருகிட்ட ஓடிப்போய்ச் சொன்னேன், உங்க தம்பி பொழிக்கடியில நம்ம பக்கம் வந்துட்டான், நம்ம கல்ல எடுக்கறான்னு.

பாத்தயா நீயின்னு கேட்டாரு. பாத்தேன்னேன். குழி எந்தப் பக்கம் போகுதுன்னு மேலிருந்து எப்படீங்க தெரியும்? ஆனா வெள்ளைக்கல்லு வந்துச்சே. எங்க பக்கத்துலயும் அதே வெள்ளைதானே. அப்ப எங்களுதுதானே?

அவரு மம்முட்டியோட போனாரு. நானும் பின்னாடியே போனேன். கொழுந்தனாரு குழி மேட்டுல உக்காந்து சோறு தின்னுட்டிருந்தான். இவரப் பாத்ததும், "வாண்ணா, ஒரு வாய் தின்னறயா?"ன்னு தூக்குப்போசிய நீட்டுனான். என்ன தைரியம் பாருங்க. எங்கூட்டுக்காரரு மம்முட்டிக் காம்பத் திருப்பி ஒரே போடு. நீட்டுன கைமேலயே விழுந்துச்சு. பச்சைக் குச்சி முறியறாப்பல சத்தம் கேட்டுச்சு. போசி உருண்டு சோறெல்லாம் மண்ணாச்சு. அவன் எந்திரிக்கப் பாத்தான், இவரு முதுகுல ஒண்ணு, தோள்ல ஒண்ணு. அவன் திருப்பி அடிக்கவே இல்ல தம்பி. மண்ணுல கெடந்துக்கிட்டு, "அண்ணா, எதுக்கு அடிக்கறேன்னு சொல்லிட்டு அடி. சொல்லிட்டு அடிண்ணா"ன்னு கத்துனான். இவரு என்னத் திரும்பிப் பாத்தாரு. நான் சொன்னேன், திருடனுக்கு என்ன காரணம் சொல்றதுன்னு. அப்புறம் மொகத்துல ஒரு மிதி மிதிச்சாரு. முன்பல்லு ரெண்டும் போச்சு. பாவாத்தா ஓடி வந்து குறுக்க விழுந்ததாலதான் உட்டாரு. ஊடு வந்து சேந்ததும் அந்த மனுசன் மம்முட்டியப் போட்டுட்டுத் திண்ணையில உக்காந்துட்டாரு. நாந்தான் கையத் தேச்சு உட்டேன்.

அவனும் லேசுப்பட்டவனில்ல. நீங்க அவன நல்லவன்னு நெனச்சுக்காதீங்க. கையில கட்டு போட்டுட்டு வந்தான் ஒரு நாளு, எங்கூட்டுக்காரரு சந்தைக்குப் போயிருந்தப்ப. எடது கையில சம்மட்டி. இதா, இந்தச் செவுத்துல பலகையடிச்சு என்ற கல்லெல்லாம் வரிசையா வெச்சிருந்தேன். இத்தன வருசம் அவிங்க வேண்டாம்னு ஒதுக்கிப் போட்டதயெல்லாம் எடுத்துக் கழுவி, பேரு எழுதி ஒட்டி வெச்சது. அது ஒண்ணுதான் தம்பி எனக்குன்னு இருந்துச்சு. பலகையோட இழுத்து வாசல்ல தள்ளுனான். குந்த வெச்சு ஒவ்வொண்ணா அடிச்சான்.

படிகம் தெறிச்சு என்ற கால்ல குத்துச்சு, அருவாமணையில அறுத்தாப்பல. சோத்துக்கல்லு தட்டைதட்டையாப் பேந்துச்சு. சாஞ்ச பொட்டியாட்ட ஒரு கல்லு இருந்துச்சு, சுண்ணாம்புச் சாதி, கால்சைட்டும்பாங்க. பெரிய பொட்டிய அடிச்சா அத்தனையும் சின்னச் சின்னப் பொட்டி, எல்லாம் அதே சாய்வு. அது அப்படித்தான் ஒடையும், தூளானாலும் அந்தச் சாய்வு போகாது. காக்காப்பொன்னு மட்டும் நசுங்குச்சு, ஒடையல. நான் மயிரப் புடிச்சு இழுத்தேன், முதுகுல கடிச்சேன். அவன் என்னத் தொடல. அழுதுட்டே அடிச்சான். அடிச்சு முடிச்சுட்டு என்ன சொன்னான் தெரியுங்களா? "அண்ணி, உங்க கையில சோறு தின்னு வளந்தவன் நானு. அண்ணங்கிட்ட என்ன சொன்னீங்க?"

என்ன சொன்னேன்? இருந்ததச் சொன்னேன்.

அன்னிக்குப் பொழுதோட எங்கூட்டுக்காரரு சந்தையில இருந்து வந்தாரு. வாசல்ல சில்லு சில்லாக் கெடக்கறதப் பாத்தாரு. பரவால்ல வேலாத்தா, மறுக்காப் பொறுக்கிக்கலாம்னாரு. அவ்வளவுதான் சொன்னாரு! எனக்கு ஆத்தாமையில அழுகையா வந்துச்சு. உங்க தம்பி என்ற முந்தானையப் புடிச்சு இழுத்தான்னேன். இழுத்தானான்னா, நான் அவன இழுத்தேன், அவன் ஒதறுனான், எல்லாம் ஒண்ணுதானே. இவரு போயி அவன் சோளத்தட்டுப் போருல தீ வெச்சாரு. காத்து வேற. போரோட சேத்து மாட்டுக் கொட்டாயும் புடிச்சுக்குச்சு. உள்ள ஒரு எருமைக் கன்னு கட்டியிருந்துச்சு. அது கத்துன சத்தம் இப்பவும் காதுல இருக்குது. கன்னு இருக்குதுன்னு எங்களுக்கெப்படித் தெரியும்? கட்டி வெச்சது அவன் தப்பு.

அதுக்கப்புறம் கொஞ்ச நாளு சத்தமில்ல. ரெண்டு பக்கமும் குழி மட்டும் எறங்கிட்டே இருந்துச்சு.

ஒரு நாளு காலையில நான் வாசல்ல உக்காந்து கல்லுக் கழுவிட்டிருந்தேன். பக்கத்துல ஆசிட்டு பாட்டிலு. கல்லுப் பாக்கறவங்க ஊட்டுல ஆசிட்டு இருக்குமுங்க. ஒரு சொட்டு வெச்சா சுண்ணாம்புச் சாதி மட்டும் நொரை நொரையாப் பொங்கும், மத்தது கம்முனு இருக்கும். அதக் கண்டுபுடிக்கத்தான். கொழுந்தனாரு பொழியத் தாண்டி வந்தான். ஒரு கையில நீலக்கல்லு, ஒரு கையில கத்தி.

கத்தி தம்பி! கத்தியோட வந்தான். இதத்தான் கோர்ட்டுலயும் சொன்னேன்.

"அண்ணன் எங்கீங்க அண்ணி? அண்ணனக் கூப்பிடுங்க. இது அக்வாமரின் இல்லீங்க. இங்க பாருங்க, கத்திக்குக் கீறுது, மாவாட்ட வருது. இது அபடைட்டு. வயலுக்கு ஒரமாப் போடற கல்லு. ரெண்டுக்கும் ஒரே மாதிரி ஆறு பட்டை, ஏமாந்துட்டோம். இதுக்கா நாங்க அடிச்சுக்கிட்டோம்? அண்ணங்கிட்டக் காட்டோணும்"னான்.

சிரிச்சான் தம்பி. பல்லில்லாத வாயில, என்னமோ புதையல் கெடைச்சாப்பல சிரிச்சான். எனக்குப் புரிஞ்சுபோச்சு. சூழ்ச்சி. இது சொத்தைக் கல்லுன்னு சொன்னா நாங்க குழிய மூடிப்போட்டு உக்காந்துக்குவோம், அவன் மொத்தத்தையும் அள்ளிக்குவான். எங்கூட்டுக்காரரு அவன் சொன்னா நம்பீருவாரு. அவன் என்ன சொன்னாலும் நம்பீருவாரு, அதுதான் எனக்குத் தெரியுமே. அதுக்குள்ள இவரு உள்ளிருந்து, "ஆரது? தம்பியா?"ன்னு கேட்டுட்டே எந்திரிச்சு வர்றாரு. அந்தக் கொரல்ல இருந்த ஆசையக் கேக்கோணுமே நீங்க.

பாட்டில எடுத்து வீசிட்டேன்.

குறி வெச்செல்லாம் வீசல. மொகத்துல பட்டுருச்சு. சுண்ணாம்புக்கல்லுல எப்படிப் பொங்கும்னு எனக்குத் தெரியும், மனுசன் மேல எப்படின்னு எனக்கெங்க தெரியும்? கைய ரெண்டையும் மொகத்துல வெச்சுக்கிட்டு மாடாட்டக் கத்துனான். வாசலெல்லாம் உருண்டான். கல்லும் கத்தியும் எங்கியோ விழுந்துச்சு. எங்கூட்டுக்காரரு தண்ணிக் கொடத்த எடுத்துட்டு ஓடுனாரு. நான் கொடத்தப் புடிச்சுக்கிட்டேன், கத்தியோட வந்தான் பாருங்கன்னு கத்துனேன். இவரு கீழ கெடந்த கத்தியப் பாத்தாரு. அவனப் பாத்தாரு. கொடம் எங்க ரெண்டு பேரு கையிலயும் இருந்துச்சு, தண்ணி சிந்திட்டே இருந்துச்சு. அப்புறம் பாவாத்தா வந்து இழுத்துட்டுப் போயிட்டா. ஒரு கண்ணு போச்சு. ஒண்ணுதானுங்க. இன்னொண்ணு நல்லா இருக்குது.

ஆசுபத்திரியிலிருந்து வந்தவன் அதுக்கப்புறம் பேச்செல்லாம் வெச்சுக்கல. பொழி மேல நின்னுட்டு ஒரே ஒரு தடவ கத்துனான். "இனி கல்லுக்கில்ல, உன்ற ஊட்டுக்கடியிலயே தோண்டி உன்ன உள்ள எறக்கறேன் பாரு"ன்னு. அண்ணாங்கற வார்த்தையே வரல. எனக்கு அப்பத்தான் கொஞ்சம் நிம்மதியாச்சு. ஏன்னா இப்ப எங்கூட்டுக்காரருக்கும் புரிஞ்சிருக்கும் பாருங்க, அவன் யாருன்னு. இவரும் பல்லக் கடிச்சுட்டு எறங்குனாரு. நாந்தான் மேல கயித்துல கூடை கட்டி மண்ணு இழுத்தேன். நாங்க ரெண்டு பேரும் அப்படி ஒட்டுக்கா வேலை செஞ்சதே இல்ல தம்பி. அவரு கீழருந்து, "இழு வேலாத்தா"ம்பாரு. இழுப்பேன். அந்த நாளெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு.

அன்னிக்கு உச்சி வெய்யில். குழி ரெண்டாள் ஆழத்துக்கு மேல போயிருச்சு, கீழ பொழிப் பக்கமாக் கொடைஞ்சு போயிட்டிருந்தாரு. "பொந்து வந்துருச்சு!"ன்னு கத்துனாரு. களிமண்ணுக்குள்ள கல்லு கொத்துக்கொத்தா. ஒரு கூடை அனுப்புனாரு. நான் இழுத்துட்டிருக்கறப்பவே கீழ, தொம்முனு ஒரு சத்தம். பொந்தோட பின்செவுரு ஒடைஞ்சு அந்தப்பக்கத்திலிருந்து ஒரு கடப்பாரை நீட்டுச்சு. அப்புறம் கட்டு போட்ட மொகம்.

ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தாங்க. நான் மேலருந்து பாத்தேன், வெளிச்சம் நேரா விழுந்துச்சு. எங்கூட்டுக்காரருதான் மொதல்ல குத்துனாரு. இவரு கையிலிருந்த கடப்பாரை அவன் தோள்ல ஏறுச்சு. அவன் அதப் புடுங்கி எறிஞ்சுட்டு இவரு இடுப்புல மோதுனான். கல்லெடுத்து மண்டையில அடிச்சுக்கிட்டாங்க. காத கடிச்சாங்க. அந்த நீலக்கல்லு மேலயே உருண்டாங்க, நொறுநொறுன்னு ஒடையற சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. நான், "அடிங்க, உடாதீங்க, அடிங்க"ன்னு கத்துனேன். பின்ன, ஊட்டுக்காரர அடிக்கறப்ப பொண்டாட்டி கும்மியா அடிப்பா?

சோத்துக்கல்லு வருசக்கணக்கா மழைத் தண்ணியில ஊறுனா மாவாயிரும். அவிங்க மோதுன மோதுல மேல்செவுரு சரிஞ்சுச்சு. பொகையாட்டத் தூசி. தூசி அடங்குனா, எங்கூட்டுக்காரரு நெஞ்சு வரைக்கும் மண்ணுக்குள்ள. அவன் வெளிய.

"கயித்தப் போடு"ன்னு கேட்டுச்சு. யாரு கேட்டாங்கன்னு தெரியல, ரெண்டு பேரு கொரலும் ஒரே மாதிரி. கயித்துல கூடை கட்டியிருந்துச்சே, கூடையில கல்லு. கொட்டாமப் போட்டா அவரு தலையில விழாதா? அந்தக் கல்லு ஓரம் சீக்கரம் பேந்துக்கும். சாக்க விரிச்சு மெதுவாக் கொட்டுனேன். அவுத்தேன். திரும்பிப் பாத்தா அந்தப் படுபாவி எங்கூட்டுக்காரரு கழுத்துப் பக்கமா ரெண்டு கையையும் குடுத்துப் புடிச்சிருக்கறான். கக்கத்துக்கும் கழுத்துக்கும் நடுவுல. கால செவுத்துல ஒதைச்சுக்கிட்டு இழுக்கறான். கட்டெல்லாம் அவுந்து மொகம் பூராச் செவப்பு. எங்கூட்டுக்காரரு என்ன கத்துனாரு தெரியுங்களா? "உட்றாத! உட்றாத!"

எனக்குச் சொன்னாரு தம்பி. அவன உட்றாதன்னு எனக்குச் சொன்னாரு. கடைசியா என்னத்தான் கூப்பிட்டாரு.

குழி மேட்டுல தலை தண்டி ஒரு வெங்கச்சாங்கல்லு கெடந்துச்சு. தூக்க முடியாது, உருட்டித் தள்ளுனேன். அவன் முதுகுல நடுத்தண்டுல விழுந்துச்சு.  ஒரு கை நழுவுச்சு. எங்கூட்டுக்காரரு நிமுந்து மேல என்னப் பாத்தாரு. அவரு அப்படி என்ன நேருக்கு நேரா பாத்து எத்தன வருசமாச்சு. என்னமோ சொல்ல வந்தாரு. அதுக்குள்ள மீதிச் செவுரும் வந்துருச்சு.

ஊருச் சனம் கூடி மண்ணள்ளுறப்ப பொழுது சாஞ்சுபோச்சு. அவன் மேல கெடந்தான், உசுரோட. இவரு கீழ. அவன் வலது கை மட்டும் மண்ணுக்குள்ள போயிருந்துச்சு. தோண்டிப் பாத்தா இவரு சட்டைக் காலரப் புடிச்சபடியே இருந்துச்சு. பிரிக்க ரெண்டு ஆளு வேண்டியதாப்போச்சு. செத்தப்புறமும் விட மாட்டேன்னு புடிச்சுட்டிருந்திருக்கறான். எவ்வளவு வெறி பாருங்க.

கோர்ட்டுல சொன்னேன், கழுத்தப் புடிச்சான், என்ற கண்ணால பாத்தேன்னு. பாவாத்தா வந்து, இழுத்து வெளிய எடுக்கத்தான் பாத்தாருன்னு சொன்னா. அவ கண்டாளா? அவ அந்தப்பக்கக் குழி மேட்டுல நின்னுட்டிருந்தாளாம். வெங்கச்சாங்கல்லப் பத்தி யாரும் என்கிட்டக் கேக்கல. கேட்டாச் சொல்லியிருப்பேன், எனக்கென்ன பயம்? கல்லு மேலருந்து விழுந்துச்சுன்னு பாவாத்தா சொன்னதுக்கு, அது செவுரோட வந்த கல்லுன்னு கோர்ட்டுக்காரங்களே எழுதிக்கிட்டாங்க. சாட்சி பத்தாதுன்னு அவன விட்டுட்டாங்க. ஊரே சிரிச்ச மொகமா அவனத் தூக்கீட்டு வந்துச்சு. தாலியறுத்தவ நானு, ஒறம்பரைச் சனமெல்லாம் அந்த ஊட்டுல.

கல்லா? அந்தக் கூடைக் கல்லக் கரூரு ஏவாரிகிட்டக் காட்டுனேன். பாக்கெட்டுலருந்து கத்தியெடுத்து ஒரு கீறு கீறுனான். அபடைட்டுன்னான். அலமாரியில வெக்கலாம், அழகா இருக்கும்னான். அவனும் கொழுந்தனாரும் கூட்டு. எல்லாரும் கூட்டு. இதா, இது அந்த மொதக் கல்லு, முந்தானையில முடிஞ்சு வெச்சது. அக்வாமரின்னா கோடு நெடுக்கால ஓடும், கத்தி ஏறாது. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனா இத நான் கீறமாட்டேன். நீங்களும் கீறக்கூடாது. எங்கூட்டுக்காரரு என்ற கையில குடுத்தது.

ஏனுங் தம்பி, ஏன் எந்திரிக்கறீங்க? அந்தச் சத்தத்துக்கா? அட, உக்காருங்க. அது பொழிக்கு அக்கட்ட, சென்னியப்பன் ஊடு. இடுப்புக்குக் கீழ ஒண்ணும் இல்ல அவனுக்கு, கட்டில்லயே கெடக்கறான். பாவாத்தா தண்ணி ஊத்தி ஊத்தித் தொடைச்சு விடுவா. மத்தியானம் சித்தக் கண்ணசந்தா இப்படித்தான் ஆரம்பிச்சிருவான். தெனமும். கேக்குதுங்களா?

"கையக் குடுண்ணா. அண்ணா, இன்னொரு கையக் குடு."

கேட்டீங்களா அவன் நடிப்ப? கல்லக் கேட்டான், காட்டக் கேட்டான். இப்பப் போன மனுசங்கிட்டக் கையக் கேக்கறான். நான் இல்லாத நேரம் பாத்து எங்கூட்டுக்காரரு அங்க இருந்து குடுத்தாலும் குடுப்பாரு, அதுதான் என்ற பயம். அதனாலதான் நான் இந்த ஊட்டப் பூட்டிட்டு எங்கியும் போறதில்ல.